அலுப்போடு ஏற்றினாலும் விளக்கு எரியுமா?

பிரதோஷ பூஜை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. மயிலை கபாலீஸ்வரர் கோயிலில், புன்னை மரத்துக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பெண் ஒருத்தி, பக்கத்தில் வந்து அமர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். எப்போதும் சிரித்த முகம். அன்று அது இல்லை. சட்டென்று கேட்டாள்.

‘‘அக்கா... அலுத்துக்கிட்டே விளக்கேத்தினா பலன் உண்டா? இல்லே, பாவம்தான் சேருமா?’’

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மாமியார் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறதாம். கடைசி நாட்களில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘வியாழக்கிழமை தவறாம விளக்கைத் துலக்கிடும்மா. வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பளிச்சுனு இருக்கணும்’ என்று கேட்டாராம். இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜோடிக் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பித்தளை அகல்கள், தாம்பாளம், மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம்... பட்டியல் நீளம். துலக்கியவர்களுக்குத்தான் தெரியும். முதலில் அரிசி மாவு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிறகு புளி. அலம்பியதும் உடனே உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் திட்டுத் திட்டாகத் தண்ணீர்க் கறை. அப்புறம் விபூதி தொட்டு ஒரு தேய். நகக் கண்ணில் ஏறிய கருப்பு ரெண்டு நாளைக்குப் போகாது!

‘‘போன வியாழக்கிழமை பையனுக்குப் பரீட்சை, எனக்கு முதுகுவலி. வந்த கோபத்துல குத்துவிளக்கை டொங்குனு தொட்டியில போட்டேன்க்கா. உச்சியில இருக்கிற அன்னத்தோட கழுத்து ஒடிஞ்சு போச்சு. அத்தை கல்யாணத்துக்குக் கொடுத்த விளக்கு அது...’’

மேலே பேச முடியாமல் நிறுத்தினாள்.

‘பக்தி இருந்தால் அலுப்பே வராதும்மா’ என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு சுலபம். ஆனால், அது உண்மை இல்லையே! என் அம்மா பக்தியில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அவளும் தூபக்காலைத் தேய்க்கும்போது முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேன்.

இந்த மாதிரி வேலைகளுக்கு ஒரு குணம் உண்டு. முடிந்தது என்பதே கிடையாது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்தால் தைத்ததுதான். விளக்கு அப்படியா? அடுத்த வியாழக்கிழமை மறுபடி கறுத்துப்போய் நிற்கும். எரிந்ததால்தானே கறுத்தது என்று மனசுக்குத் தெரியும். கைக்கும் முதுகுக்கும் தெரிய மாட்டேன் என்கிறது.

எனக்கு அப்பர் பெருமான் நினைவுக்கு வந்தார். கையில் உழவாரம் இல்லாமல் அவரை நாம் சிலையில்கூடப் பார்ப்பதில்லை. கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். இன்று செதுக்கினால், ஒரு மழை பெய்ததும் மறுபடி முளைக்கிற புல்! திருவாரூரில் அவர் பாடிய ஒரு திருத்தாண்டகத்தில், விடிவதற்கு முன்னே கோயிலைப் பெருக்கு, மெழுகு, பூமாலை கட்டு, பாடு, தலையாரக் கும்பிடு என்று வரிசையாக வேலை சொல்கிறார். யாருக்கு? ஊராருக்கு இல்லை. தன் நெஞ்சுக்கு! ‘வா’ என்று அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

பக்கத்திலேயே நிற்கிற குழந்தையை யாராவது கூப்பிடுவார்களா? எங்கேயோ விளையாடப் போன பிள்ளையைத்தானே ‘வாடா கண்ணா’ என்று அழைக்கிறோம்? நம் பொருட்டுத்தான் அப்படிப் பாடினார் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். என் சிற்றறிவுக்கு, நெஞ்சு வராத நாளில் அதைத் திட்டாமல், தாஜா பண்ணி அழைத்துக்கொண்டு போகிற பாட்டாகவே அது கேட்கிறது. நெஞ்சு வரட்டும் என்று விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அவர் காத்திருக்கவில்லை.

(பெருக்குவதையும் மெழுகுவதையும் இத்தனை ஆசையாகச் சொன்னவர் ஒரு ஆண்பிள்ளை என்பதை, உங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்களேன்!)

அதே திருவாரூரில்தான் தண்டியடிகள் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயிலின் மேற்கே கமலாலயக் குளம் மண் மூடித் தூர்ந்துபோயிருந்தது. குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்பார்கள் அந்த ஊரில். எவ்வளவு வெட்டினோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று கண்ணால் பார்த்துத் தெம்படையக்கூட அவருக்கு வழியில்லை. கயிறு ஒன்றுதான்.

‘‘உனக்கு அந்தக் கயிறு, அத்தைக்குக் கொடுத்த வாக்குதாம்மா’’ என்றேன். ‘‘ஒன்றரை வருஷத்துல எழுபது வாரத்துக்கு மேல துலக்கியிருப்பே. அதுல ஆசை ஆசையா செஞ்சது எத்தனை வாரம்?’’

யோசித்தாள். லேசாகச் சிரிப்பு வந்தது. ‘‘நாலு வாரம் இருக்கும்க்கா!’’

‘‘மத்த வாரமெல்லாம் விளக்கு எரியலையா?’’

பதில் சொல்லவில்லை. ஆசையோடு செய்த நாலு வாரம் சந்தோஷமானதுதான். ஆனால், ஆசையே இல்லாமல் வாக்கைக் காப்பாற்றிய அறுபது, எழுபது வாரம் இருக்கிறதே... அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அலுப்பு, பசி மாதிரி. அது பாட்டுக்கு வரும். அதற்குப் பாவக் கணக்கு எழுத யாரும் உட்கார்ந்திருப்பதாக நான் நினைக்கவில்லை. விளக்கை வீசியது வேறு விஷயம். அது பக்தி குறைந்ததால் இல்லை, பாரம் கூடியதால். அத்தனை சாமானையும் ஒரே ஆளாக, ஒரே நாளில் துலக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? தினம் ஏற்றுகிற விளக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மற்றதைத் துணியில் சுற்றிப் பண்டிகைக்கு எடுத்துக்கொள் என்றேன். அத்தை கேட்டது பளிச்சென்ற விளக்கை, முதுகுவலியை இல்லையே!

இன்னொன்றும் சொன்னேன். இடிப்பது எவ்வளவு அலுப்பான வேலை! உலக்கை மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான். மாணிக்கவாசகர் அதற்கென்றே திருவாசகத்தில் ‘திருப்பொற்சுண்ணம்’ என்று 20 பாட்டுப் பாடி வைத்திருக்கிறார். இறைவனின் திருமஞ்சனத்துக்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக அமைந்தது. முதல் பாட்டிலேயே மாலையைத் தொங்கவிடச் சொல்லி, தீபம் வைக்கச் சொல்லி, கலைமகளையும் கௌரியையும் கங்கையையும்கூட வேலைக்குக் கூப்பிட்டுவிடுகிறார்! பூப்பறிக்கவும் தனியாக ஒரு ‘திருப்பூவல்லி’ உண்டு. பத்துப் பேர் கூடி, பாட்டோடு செய்ய வேண்டிய வேலைகளை நாம்தான் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி முன்னால் தனியாக நின்று செய்கிறோம். இதில் உற்சாகம் எங்கிருந்து வரும்?

‘‘கூட யாரைக் கூப்பிடறது? நான் ஒருத்திதானே வீட்டுல...’’ என்றாள்.

‘‘பையன் இருக்கானே!’’

அடுத்த பிரதோஷத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த பிரதோஷத்தில் பார்த்தேன். பாத்திரக் கடையில் கொடுத்து அன்னத்தைப் பற்றவைத்துவிட்டாளாம். கழுத்தைச் சுற்றி ஒரு வடு மாதிரித் தெரிகிறதாம். துலக்கும்போது கட்டை விரல் அந்த இடத்தில் தானாகவே மெதுவாகிறதாம்.

‘‘அவன் என்ன செய்யறான்?’’ என்று கேட்டேன்.

‘‘ஈரம் போகத் துடைக்கிறது அவன் வேலைக்கா. துடைச்சு முடிச்சதும் விளக்குல தன் மூஞ்சி தெரியுதான்னு பார்க்கிறான். தெரியலைன்னா, ‘சரியா தேய்க்கலைம்மா’ன்னு திருப்பி என்கிட்டயே கொடுத்துடறான்!’’