ஒரே திகதியில் மறைந்தவர்கள்

இன்று ஒக்டோபர் 2. காந்தி பிறந்த நாள். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்தபோது அவர் பதுளைக்கும் வந்து பேசிப் போனார். அதனால் ஊவாவில் இந்தத் திகதிக்கு எப்போதும் ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் இன்றைக்கு நினைக்க வேண்டியவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறவர்கள் இதே திகதியில் இறந்துபோன மூவர். 1906ல் ஓவியர் ராஜா ரவிவர்மா. 1931ல் தேயிலை வியாபாரி சர் தோமஸ் லிப்டன். 1975ல் காமராஜர்.

மூவரின் வாழ்க்கையும் ஏதோ ஒரு வழியில் நம் மலைகளைத் தொட்டிருக்கிறது.

ரவிவர்மாவைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர், மன்னர்களுக்குப் படம் வரைந்தவர். 1894ல் பம்பாயில் அச்சகம் ஒன்றை அமைத்து, தன் சரஸ்வதியையும் லட்சுமியையும் வண்ணத்தில் அச்சிட்டு மலிவு விலைக்கு விற்கச் செய்தார். கோயில் வாசலைத் தாண்ட விடப்படாதவர்கள் வீட்டுச் சுவரிலும் சாமி வந்து உட்கார்ந்தது அந்தத் தாள்களால்தான். லயத்துச் சுவரில் தொங்கும் கலண்டர் லட்சுமியின் முகம் அவருடைய தூரிகையிலிருந்து இறங்கி வந்த முகம். அதற்காக அவரை ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு மற்ற இருவரிடம் வருவோம்.

லிப்டன் என்றால் நமக்குத் தேயிலைப் பெட்டி நினைவுக்கு வரும், அடுத்து ஹப்புத்தளைக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, கொழுந்து மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறினால் அந்த உச்சி வரும். அவர் அங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். இப்போது அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சிலைக்கு உரியவர் ஏழையாகத்தான் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பெற்றோர் கிளாஸ்கோவில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். பையன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனான். பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் கூலி வேலை செய்தான். ஊர் திரும்பி 1871ல் முதல் கடையைத் திறந்தார். கடைகள் நூற்றுக்கணக்காகப் பெருகின. 1890ல் இலங்கைக்கு வந்தார். கோப்பிக்கு விழுந்த நோயால் தோட்டங்கள் நொடித்துப்போய், காணி விலை அடிமட்டத்துக்கு வந்திருந்த காலம். தம்பேதன்ன உட்பட ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்று விளம்பரம் செய்து, தேநீரை மலிவு விலையில் தொழிலாளி வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் அது ஏழைகளுக்குச் செய்த நல்ல காரியம் என்பதை மறுக்க முடியாது.

அவர் ஈகை குணம் உள்ளவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1897ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவின்போது இலண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்கத் திரட்டிய நிதி போதாமல் போனபோது 25,000 பவுண் கொடுத்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியைத் தான் பிறந்த கிளாஸ்கோ நகரத்தின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதிவைத்திருந்தார். தாய் தகப்பன் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

இப்போது காமராஜர். 1903ல் விருதுநகரில் பிறந்தார். பின்னாளில் அது இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. ஊவாத் தோட்டங்களில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் பாட்டன் பூட்டன் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதும் அந்த வறண்ட மண்ணிலிருந்துதான். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. இவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏறத்தாழ ஒன்பது வருடம் வெள்ளைக்காரன் சிறையில் கழித்தார்.

1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறந்தார், இல்லாத ஊர்களில் புதிதாகக் கட்டினார். ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சாப்பாடு நீ போடுவியா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். இந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள். நடந்த காரியம் கதையைவிடப் பெரியது. 1956ல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம் இலட்சக்கணக்கான பிள்ளைகளை வகுப்பறைக்குள் உட்கார வைத்தது. காசு எங்கே என்று கேட்ட அதிகாரிகளைக் கடந்து, ஊர் ஊராகப் போய் மக்களிடமே அரிசியும் பருப்பும் கேட்டார். 1963 ஒக்டோபர் 2, தானே முன்மொழிந்த திட்டத்தின்படி முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். பன்னிரண்டு வருடம் கழித்து அதே திகதியில், சென்னை தியாகராய நகரில் வாடகை வீட்டில், மதியத் தூக்கத்தில் உயிர் பிரிந்தது. சில வேட்டி சட்டைகளும் நூற்றுச் சொச்சம் ரூபாயும்தான் மிஞ்சின என்று சொல்வார்கள்.

லிப்டனுக்கும் காமராஜருக்கும் இவ்வளவு ஒற்றுமை இருக்கிறது. ஏழை வீடு, பாதியில் நின்ற படிப்பு, சின்ன வயதில் கடை வேலை, கல்யாணம் இல்லாத வாழ்க்கை, சொந்த ஊர் மேல் பாசம். பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும் என்ற எண்ணம்கூட இருவருக்கும் இருந்தது. அப்படியிருந்தும் தம்பேதன்னவில் நின்று பார்க்கும்போது இரண்டு வாழ்க்கையும் ஒன்றாகத் தெரியவில்லை.

லிப்டன் கொடுத்தது தான் ஈட்டியதிலிருந்து. அந்த ஈட்டத்தின் ஒரு பங்கு, விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, அட்டைக்கடிக்கும் பனிக்கும் நடுவே கொழுந்து எடுத்த பெண்களின் விரல்களில் பிறந்தது. கொடை போய்ச் சேர்ந்த இடங்கள் இலண்டன், கிளாஸ்கோ. அவர் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த ஏழை அவருக்கு ஏழையாகத் தெரிந்தான். அந்த உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது கொழுந்து மலையில் நகர்ந்தவர்கள் அப்படித் தெரிந்ததற்கு அவருடைய உயிலில் அடையாளம் இல்லை. அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கும் உழைப்பாளியின் பசி நல்ல மனிதர்களுக்கும் தெரியாமல் போகும் என்பதுதான் என் வருத்தம். காமராஜரிடம் நான் மதிப்பது இதற்கு எதிரானது. தனக்குக் கிடைக்காத படிப்பை அவர் தன் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் தேடவில்லை. முகம் தெரியாத பிள்ளைக்கும் தேடினார்.

அவர் காங்கிரஸ் தலைவராக இருந்த 1964 ஒக்டோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் நம் ஆட்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. காமராஜர் கண் மூடிய 1975லும் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை நிலையங்களில் குடும்பம் குடும்பமாகக் கோச்சி ஏறிக்கொண்டிருந்தார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம். அதே 1975 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு சுவீகரித்தது. லிப்டன் காலத்துத் துரைமார் ஆட்சி அத்தோடு முடிந்தது. லயங்கள் அப்படியே இருந்தன.

அதற்குச் சற்று முந்திய 1973, 74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் இருக்கிறார்கள். கிழங்குக்கும் கீரைக்கும் அலைந்த கதையைச் சொல்லும் பாட்டிமார் ஊவாவில் இன்னும் இருக்கிறார்கள். அப்போது செத்தவர்களும் ஏதோ ஒரு திகதியில்தான் செத்தார்கள். அந்தத் திகதியிலும் உலகத்தில் எங்கோ ஒரு பெரிய மனிதர் இறந்திருப்பார், அவர் பெயரை நாட்காட்டியில் போட்டிருப்பார்கள். நம் ஆட்களின் திகதி பலருடைய வீட்டிலேயே இல்லை.

இலவசக் கல்வி 1945ல் இந்த நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பெருமளவில் ஏற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் தாமதம். அந்தத் தாமதத்தை நம் பிள்ளைகள் இன்னும் கடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். கடந்தும் வருகிறார்கள்: ஆசிரியர்களாக, தாதிமாராக, சட்டத்தரணிகளாக. ஆனால் 2022 நெருக்கடியில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நம் ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வந்து, ஒரு நாள் வராமலே நின்றுபோன பிள்ளைகளையும்.

ஆகவே இன்று லிப்டன் சீட்டுக்குப் போகிறவர்கள் போய்வாருங்கள். காட்சி அருமையானது, அதை உண்டாக்கிய கைகள் நம்முடையவை. வீட்டில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போகத் தயாராகும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று தாயிடம் கேளுங்கள். சாப்பாடு, சப்பாத்து, பஸ் காசு, எது தடையோ அதை நாலு குடும்பம் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையைத் திங்கட்கிழமை பாடசாலைக்கு அனுப்புங்கள்.