மறுப்புக் கடிதத்தை நீயே எழுதிக்கொள்ளாதே!

“பையனுக்கு யூ.டி. கிடைக்குமா?”

டெக்சாஸ் தமிழ் வீடுகளில் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததுமே இந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்கிறார்கள், கோயில் பிரசாத வரிசையில் கேட்கிறார்கள், பிறந்தநாள் விருந்தில் கேட்கிறார்கள். ரேங்க் என்ன, ஜி.பி.ஏ. என்ன, சாட் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு ஒருவர் உதட்டைப் பிதுக்குகிறார். “கம்ப்யூட்டர் சயின்ஸா? ரொம்பக் கஷ்டம்.” அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் ஒரு வரி கூடப் படிக்காதவர் அதன் மேல் முத்திரை குத்திவிட்டார். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அன்றிரவே யூ.டி. எனப்படும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது.

தம்பி, தங்கையே! அந்த முத்திரையை இன்றே அழித்துவிடு. உன் வாய்ப்பில் ஒரு பகுதி சட்டத்தில் எழுதியிருக்கிறது; படித்தால் தெரிந்துவிடும். மறு பகுதி உன் உழைப்பில் இருக்கிறது; அது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஊராரின் ஆரூடத்துக்கு எங்கே இடம்?

முதலில் சட்டத்தைப் படி. 1996இல் ஹாப்வுட் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்படுமே என்று பலர் கையைப் பிசைந்தார்கள். இர்மா ரேஞ்சல் பிசையவில்லை. டெக்சாஸ் கீழவைக்கு 1976இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மெக்சிகோ-அமெரிக்கப் பெண் அவர். 1997இல் அவர் முன்னின்று நிறைவேற்றிய 588ஆம் எண் மசோதா சொன்னது இதுதான்: மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாலும் சரி, உன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் நீ வந்தால் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் உண்டு. பருத்திக்காட்டு ஊரின் சின்னப் பள்ளியானாலும் டல்லஸின் பெரிய பள்ளியானாலும் ஒரே கணக்கு. கிராமத் தொகுதி உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதுவரை ஆஸ்டின் எட்டாத தூரம்தான். ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார்.

ஆஸ்டினுக்கு மட்டும் பின்னால் ஒரு விலக்கு வந்தது. தகுதி பெற்றவர்கள் குவியவே, உள்மாநில இடங்களில் 75 சதவீதத்தை மட்டும் இப்படி நிரப்பினால் போதும் என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. அதனால் ஆஸ்டினின் கோடு 10இலிருந்து இறங்கி, சில ஆண்டுகள் 6 சதவீதத்தில் நின்று, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 5 சதவீதமானது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இன்றும் 10 சதவீதம்தான்.

இந்தச் சட்டம் குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிகள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் கிடப்பதை அது மாற்றவில்லை. அந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நின்று வேலை செய்கிறது. ஆனாலும் அது செய்த ஒரு காரியத்துக்காக அதைக் கைகூப்பி வணங்குவேன். ‘உன்னால் முடியுமா?’ என்று கேட்கும் உரிமையை அடுத்தவரிடமிருந்து பறித்துவிட்டது.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேள். சட்டம் வந்தபின்னும் பல பள்ளிகளிலிருந்து ஆஸ்டினுக்கு விண்ணப்பமே வரவில்லை. இடம் உறுதி, உரிமை கையில் இருக்கிறது, இருந்தும் பிள்ளைகள் கேட்கவில்லை! பணம் இல்லை என்ற பயம் ஒரு பக்கம், ‘நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை’ என்ற எண்ணம் இன்னொரு பக்கம். அந்தப் பள்ளிகளுக்காகவே 1999இல் பல்கலைக்கழகம் தனி உதவித்தொகைத் திட்டம் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ‘வாருங்கள்’ என்று கூப்பிட வேண்டியிருந்தது. யோசித்துப் பார். நீதிமன்றம் தடுக்கவில்லை, சட்டமன்றம் தடுக்கவில்லை, பல்கலைக்கழகமும் தடுக்கவில்லை. தனக்குத் தானே ‘இல்லை’ சொல்லிக்கொண்ட பிள்ளையை எந்தச் சட்டமும் உள்ளே தூக்கி வைக்க முடியாது.

இதே பல்கலைக்கழகத்தின் வாசலில் உண்மையாகவே தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு மனிதரைத் தெரியுமா? ஹீமன் ஸ்வெட். ஹூஸ்டனில் கடிதம் விநியோகிக்கும் தபால்காரர். 1946 பிப்ரவரியில், 33 வயதில், ஆஸ்டின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவருக்குத் தகுதி இருந்தது; கறுப்பர் என்பது மட்டுமே தடை. அவரை உள்ளே விடாமலிருக்க மாநில அரசு கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு சட்டப் பள்ளியையே அவசரமாகத் திறந்தது. அவருடைய சான்ஸ் எவ்வளவு என்று அன்று யாரிடமாவது கேட்டிருந்தால் பூஜ்யம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சட்டப்படி அது சரியான பதிலும்கூட! ஸ்வெட் அந்தப் பதிலை ஏற்கவில்லை. புதுப் பள்ளியில் சேர மறுத்தார். வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் அவருக்காக வாதாட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1950 ஜூன் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவர் பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். உள்ளே போனார். வெறுப்பும் உடல்நலக் குறைவும் அவரைப் பட்டம் வாங்கவிடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் திறந்த கதவு மட்டும் மூடவில்லை. இன்று ஆஸ்டின் நகரிலுள்ள மாவட்ட நீதிமன்றக் கட்டடம் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. சட்டமே எதிராக நின்றபோது அவர் விண்ணப்பித்தார். சட்டம் உன் பக்கம் நிற்கும்போது நீ தயங்குகிறாயா?

அடுத்து அந்த ‘சேர்க்கை விகிதம்’. இத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், இத்தனை பேருக்குத்தான் கிடைத்தது, ஆகவே உன் சான்ஸ் இவ்வளவு என்று ஒரு கணக்கு போடுகிறார்களே, அது ஊர் முழுவதற்கும் ஒரே செருப்பு அளவு சொல்வது போன்றது. முதல் 5 சதவீதத்தில் இருக்கும் டெக்சாஸ் மாணவிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. வேறு மாநிலத்திலிருந்து வருபவருக்குக் கதவு மிகக் குறுகல். முதலாண்டு இடங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் டெக்சாஸ் பிள்ளைகளுக்கே போகிறது. இவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் வரும் எண் யாருக்கும் உரியதல்ல. உன்னுடையது எது என்று பார்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள். ரேங்கால் தானாகக் கிடைக்கும் இந்த ‘ஆட்டோ அட்மிட்’ உனக்குத் தருவது பல்கலைக்கழகத்தில் இடம்; நீ கேட்கும் துறையில் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல், வணிகவியல் போன்றவற்றுக்கு உன் பாடத் தேர்வு, கட்டுரைகள், பள்ளிக்கு வெளியே நீ செய்த வேலை அத்தனையையும் படித்துத்தான் முடிவு செய்கிறார்கள். ரேங்க் வந்துவிட்டது என்று கட்டுரையை ஒரே இரவில் கிறுக்கி அனுப்பாதே. சாட் வேண்டாமாம் என்று யாரோ சொன்னதையும் நம்பாதே. 2024இல் தேர்வு மதிப்பெண் மீண்டும் கட்டாயமாகிவிட்டது. ஆட்டோ அட்மிட் உள்ளவர்களும் அனுப்பியாக வேண்டும்.

முதல் 5 சதவீதத்துக்குள் நீ வரவில்லையா? கடும் போட்டியுள்ள புறநகர்ப் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது சதவீதத்தில் நிற்கிறாயா? தலை குனியாதே! மீதமுள்ள இடங்களுக்கு உன் விண்ணப்பத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படிக்கிறார். அவருக்குப் படிக்க ஏதாவது கொடு. நீ நடத்திய ரோபாட்டிக்ஸ் குழு, பாட்டிக்கு மருந்து நேரம் சொல்ல நீ எழுதிய செயலி, அப்பாவுக்கு வேலை போன மாதங்களில் நீ கடையில் நின்று சம்பாதித்தது, இவையெல்லாம் ரேங்க் பட்டியலில் தெரியாது. கட்டுரையில் தெரியும். அதுவும் கைகூடாமல், கேப் திட்டத்தில் சேரும் அழைப்பு வந்தால் அவமானம் என்று அதைத் தூக்கி எறியாதே. யூ.டி. குடும்பத்தின் இன்னொரு வளாகத்தில் முதலாண்டு படித்து, 30 கிரெடிட் முடித்து, 3.2 ஜி.பி.ஏ. எடுத்தால், ஆஸ்டினின் கலைப்புலத்துக்கு மாறும் உரிமை உனக்கு உண்டு. அந்த வளாகங்களிலிருந்து வந்தவர்கள் யாருக்கும் குறைந்தவர்களும் அல்ல. அங்கேயே முழுப் படிப்பையும் முடித்து நிமிர்ந்து நடப்பவர்களை நான் பார்க்கிறேன்.

பெற்றோரே, உங்களோடும் பேச வேண்டும். உள்மாநிலப் பிள்ளையின் கட்டணம் வெளிமாநிலத்தவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. உங்கள் கவலையின் எடை எனக்குப் புரிகிறது. ஆனால் ரேங்க் எளிதாகும் என்று வீட்டை மாற்றுவது, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவது, கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையென்றால் எதிர்காலமே இல்லை என்று சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு சொல்வது, இவை பிள்ளையின் காலை உடைக்கின்றன. கணிதத்திலும் புள்ளியியலிலும் புவியியலிலும் மனம் தோய்ந்த பிள்ளையை அதன் வழியில் விடுங்கள். விருந்தில் யாராவது உதட்டைப் பிதுக்கினால், பிள்ளையின் முன்னாலேயே சொல்லுங்கள்: “அவள் விண்ணப்பிப்பாள்.”

அந்த வளாகம் யாருடைய சொத்து? முதல் தரப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று 1876ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே டெக்சாஸ் எழுதிவைத்தது. அதற்காக ஒதுக்கிய மேற்கு டெக்சாஸ் தரிசு நிலத்தில் 1923இல் சாண்டா ரீட்டா கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அந்த நிலத்தின் வருமானம் இன்றும் ஆஸ்டினுக்கும் ஏ அண்ட் எம்முக்கும் போகிறது. பொது நிலம், பொதுப் பணம், பொதுப் பல்கலைக்கழகம். உன் அம்மாவும் அப்பாவும் இங்கே வரி கட்டுகிறார்கள். நீ யாசகம் கேட்கப் போகவில்லை.

ஆகவே இந்த வாரமே பள்ளி கவுன்சிலரின் அறைக்குப் போ. பதினொன்றாம் வகுப்பு முடிவில் உன் ரேங்க் என்ன, எத்தனை பேரில், எந்தப் பாடங்கள் கணக்கில் சேர்ந்தன என்று கேட்டு எழுதி வாங்கு. விண்ணப்பம் ஆகஸ்ட் 1 திறக்கிறது. ஆஸ்டினின் முதல் சுற்றுக்கு அக்டோபர் 15, கடைசி நாள் டிசம்பர் 1. கோடையிலேயே கட்டுரையைத் தொடங்கு, உன்னை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டு, திருத்து, மறுபடி எழுது. நீ கேட்கும் துறையின் பெயரை முழுதாக, தயங்காமல் நிரப்பு. அனுப்பு. ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தால் படித்துப் பார்த்து அவர்கள் சொல்லட்டும்!