தாட்சண்யம்

சில வருஷங்களுக்கு முன் இளம் நண்பர் ஒருவர் தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து முன்னுரை கேட்டார். படித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. ஆனால் வாசலில் தயங்கி நின்ற அவருடைய முகம் என் கண்ணை விட்டு அகலவில்லை. அந்த முகத்துக்காக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'எளிய நடை', 'எதிர்காலம் உள்ளவர்' என்று யாருக்கும் பொருந்தக்கூடிய சொற்கள். அதே வாரம் வெளியூர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் என் உண்மையான அபிப்பிராயத்தையும் எழுதினேன். முன்னுரைக்கு மூன்று நாள் பிடித்தது. கடிதம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முகத்துக்கு முன்னால் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. இதற்குத் தாட்சண்யம் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். இது குணமா, குற்றமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்குப் பிரெஞ்சு அறிஞர் டிடரோவின் நினைவு வரும்.

கத்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1713-ல் லாங்கிர் என்ற ஊரில் பிறந்தவர் டிடரோ. மாபெரும் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராகவே உலகம் அவரை அறியும். ஓவிய விமர்சனம் என்ற துறைக்கு உயிர் கொடுத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அந்நாளில் பாரிஸின் லூவர் அரண்மனையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓவியக் கண்காட்சி நடக்கும். 1759 முதல் 1781 வரை ஒன்பது கண்காட்சிகளைப் பற்றி அவர் எழுதினார்.

எழுதினாரே தவிர, அச்சிடவில்லை. கிரிம் என்ற நண்பர் ஓர் அந்தரங்கப் பத்திரிகை நடத்திவந்தார். கையால் பிரதி எடுக்கப்பட்ட அது, பிரெஞ்சுத் தணிக்கைக்குத் தப்பி, வெளிநாட்டு அரச குடும்பங்களுக்குப் போகும். ருஷ்ய மகாராணி காதரீனும் அதன் சந்தாதாரர். டிடரோவின் விமர்சனங்களை வாசித்தவர்கள் இந்தச் சிறு கூட்டத்தார்தாம்.

அவருடைய எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. ஒரு நூலை வெளியிட்டதற்காக 1749-ல் வின்சென் கோட்டையில் மூன்று மாதம் சிறையிருந்தவர் அவர். ஓவிய விமர்சனத்தை அச்சிட்டால் என்ன நேரும் என்பதையும் பாரிஸ் கண்டிருந்தது. 1747-ல் லா ஃபான் என்பவர் கண்காட்சி ஓவியங்களைக் குறை கூறி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆத்திரம் கொண்டவர்கள் அவரைக் கோலூன்றிய குருடராகவே கேலிச் சித்திரம் போட்டுவிட்டார்கள்!

மறைவில் எழுதிய டிடரோ மனம் விட்டு எழுதினார். அரசரின் முதல் ஓவியரான பூஷேயின் படங்களில் ஒழுக்கமும் இல்லை, உண்மையும் இல்லை என்று சாடினார். தாம் உச்சியில் ஏற்றி வைத்த கிரூஸ், 1769-ல் ரோமானியச் சக்கரவர்த்தி ஒருவரின் கதையை வரைந்து தோற்றபோது, படம் தேறவில்லை என்று எழுதத் தயங்கவில்லை. தம்மையே வரைந்த நண்பரின் படத்தைப் பார்த்து, இது என் முகமே அல்ல என்றும் எழுதினார். ஆனால் யாரையும் வருத்த எனக்கு விருப்பமில்லை, இவை வெளியே தெரிய வேண்டாம் என்று கிரிமிடம் கேட்டுக்கொண்டார். என் கடிதமும் முன்னுரையும் எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வருகின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. அவர் மறைத்தார், நான் மாற்றிச் சொன்னேன்.

ஷார்தான் என்ற ஓவியரிடமிருந்து இருவருமே ஒரு பாடம் கற்கலாம். செப்புப் பாத்திரம், மீன், பழம் என்று சமையலறைப் பொருள்களை வரைந்து அழியாப் புகழ் பெற்றவர் அவர். கண்காட்சிச் சுவர்களில் படங்களை மாட்டும் பொறுப்பும் அவருடையதே. விமர்சகர்களே, கொஞ்சம் மென்மையாக இருங்கள் என்று அவர் வேண்டிக்கொண்டதை டிடரோவே 1765-ல் எழுதி வைத்திருக்கிறார். ஏழெட்டு வயதில் பென்சிலைப் பிடித்து, கண்ணும் காதும் கையும் காலுமாக வருஷக்கணக்கில் வரைந்து பழகியவர்கள் இந்த ஓவியர்கள். இங்கே மிக மட்டமாகத் தோன்றும் படத்தின் அளவுக்குக்கூட வர முடியாமல் மனமுடைந்து விலகியவர்கள் எத்தனையோ பேர். இதுதான் அவர் சொன்னதன் சாரம். ஷார்தான் மென்மையைக் கேட்டார், பொய்யைக் கேட்கவில்லை. நாம்தான் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறோம்.

இதில் இன்னொரு சோகம் உண்டு. ஒலிவக் காய் நிறைந்த ஜாடி ஒன்றை ஷார்தான் வரைந்திருந்தார். 1763-ல் அதைக் கண்டு சொக்கிப்போன டிடரோ, இது வண்ணமல்ல, பொருளேதான் என்ற அளவுக்குப் புகழ்ந்து எழுதினார். அந்தப் புகழ்ச்சியும் அதே அந்தரங்கப் பத்திரிகையில்தான் போயிற்று. அதை அச்சில் காணாமலே ஷார்தான் 1779-ல் காலமானார். டிடரோ 1784-ல் மறைந்தார். அவருடைய விமர்சனங்கள் நூலாக வரத் தொடங்கியது 1795-ல்தான். வைதது காதில் விழக் கூடாதென்று கதவைச் சாத்தினால், வாழ்த்தியதும் உள்ளேயே நின்றுவிடுகிறது!

இதை எனக்கு உறைக்க வைத்தவர் அந்த இளம் நண்பர்தாம். போன வருஷம் அவருடைய மூன்றாவது நாவல் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன். அபாரம்! இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் காபி கொடுத்து உபசரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு என் மேல் ரொம்பப் பிரியம் சார். முதல் நாவலுக்கும் இப்படித்தானே சொன்னீர்கள்?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அன்று நான் தந்த செல்லாக் காசு, இன்று தந்த நல்ல காசையும் செல்லாததாக்கிவிட்டது. அவரைப் புண்படுத்தக் கூடாதென்று தொடங்கிய தாட்சண்யம், அவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு சந்தோஷத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டது.

இப்போது யாராவது முன்னுரை கேட்டு வந்தால், "ஒரு மாதம் பொறுங்கள். நிறையையும் குறையையும் முதலில் உங்களிடமே சொல்கிறேன். அதன் பிறகும் முன்னுரை வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்கிறேன். சிலர் திரும்பி வருவதில்லை. வருகிறவர்களோடு விளக்கு வைத்த பிறகும் வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.