சைக்கிள் ஓட்டினால் பசிக்கும்

ஐம்பதை நெருங்கும் பெண் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" எங்கே போய் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. முக்கொம்பு வரைக்கும் போனேன், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று நாமாகச் சொன்னாலும், "அவ்வளவு தூரம் போயுமா அப்படியே இருக்கீங்க?" என்றுதான் பதில் வரும். திருச்சியில் என்னோடு ஓட்டும் பெண்களில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் யாருமில்லை. ஊரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. அதே கேள்வியை எங்களுக்குள் கேட்டுக்கொண்டுதான் எங்களில் பலர் சைக்கிளே வாங்கினோம்.

திருச்சிக்குத் தெற்கே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுக்கோட்டையில் சைக்கிள் பெண்களிடம் வந்த கதை வேறு. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல்வேலை செய்தவர்கள், கல்குவாரியில் உழைத்தவர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஏராளமான பெண்கள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. தண்ணீர்க் குடமும் சந்தைச் சரக்கும் கேரியரில் ஏறின. பஸ்ஸுக்கோ அண்ணன் தம்பிக்கோ காத்திருக்காமல் போய்வர முடிகிறதா என்பதுதான் அன்று கேள்வி. அந்தப் பெண்களின் இடுப்பை யாரும் அளக்கவில்லை.

போவதற்காக வந்த வண்டி, முப்பது சொச்சம் ஆண்டுகளில், நகரத்துப் பெண்ணிடம் இளைப்பதற்கான கருவியாகிவிட்டது. எங்கே போகிறோம் என்பது பொருட்டில்லை, எத்தனை கலோரி எரிந்தது என்பதே கணக்கு. இந்த ஒப்பந்தத்தில் சைக்கிள் தோற்றுப்போகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இளைக்க நினைப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்கிறது மருத்துவம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாசலில் நிற்கும் வயது இது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, தொடையிலும் பின்பக்கத்திலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடை இயந்திரத்தில் அதே எண், ஆனால் பழைய ரவிக்கையில் கொக்கி மாட்டவில்லை. இது யாருடைய சோம்பலும் அல்ல.

"வயசாச்சு, மெட்டபாலிசம் குறைஞ்சுபோச்சு" என்பது எங்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதை மறுக்கிறது. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த அந்த ஆய்வு, உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறுவதில்லை என்கிறது. கரைந்துபோவது தசை. அதைக் காப்பாற்ற உழைப்பும் வேண்டும், உணவும் வேண்டும்.

இன்னொரு பக்கம், சைக்கிளும் நாம் நினைக்கிற அளவுக்கு எரிப்பதில்லை. அறுபது கிலோ பெண் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் முந்நூற்றைம்பது, நானூறு கலோரி. திரும்பும் வழியில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். இதற்குப் பயந்துதான் பலர் வெறும் காபியோடு கிளம்புகிறார்கள், வந்தும் சாப்பிடாமல் இழுத்துப் பிடிக்கிறார்கள். பதினொரு மணிக்குத் தலை சுற்றுகிறது. மாலையில் முறுக்கு டப்பா காலியாகிறது. இரவில் தன்மேல் கோபம் வருகிறது.

இந்தப் பட்டினி புதிதா? நம் வீடுகளில் பெண் கடைசியாகச் சாப்பிடுகிறவள். முட்டை பிள்ளைக்கு, மீன் நடுத்துண்டு கணவனுக்கு, மிச்சச் சோறும் ரசமும் அவளுக்கு. அரை வயிறும் இல்லை, முழு வயிறும் இல்லை. அரிசி நிறைய, புரதம் கொஞ்சம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி அறுபது கிலோ பெண்ணுக்கு நாளுக்கு ஐம்பது கிராம் புரதமாவது வேண்டும். மூன்று இட்லியில் கிடைப்பது ஏழெட்டு கிராமுக்குள். இருபது வருடம் இப்படிச் சாப்பிட்டவள் ஒருநாள் டயட் என்று தொடங்கும்போது, முதலில் விடுவதும் அந்தக் கொஞ்சத்தைத்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. காவிரிப் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் குண்டாக இருப்பதால்தான் என்று முடிவு கட்டிக்கொள்கிறோம். ஹீமோகுளோபின் பார்த்தீர்களா என்று கேட்பவர் குறைவு.

எனக்குச் சைக்கிள் செய்த பெரிய உபகாரம் இங்கேதான். அது பசியைக் கொடுத்தது. அந்தப் பசிக்கு ஒரு நியாயத்தையும் கொடுத்தது. இருபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருகிறவள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. கிளம்பும்முன் ஒரு பூவன்பழம், பாதி வழியில் உப்புப் போட்ட மோர், வந்ததும் தட்டு நிறைய உணவு: இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது கேழ்வரகுக் கூழோடு வேர்க்கடலைத் துவையல். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூற்றைம்பது மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. முதலில் எனக்கு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூச்சம் என்னிடம்தான் இருந்தது.

எடைதான் தொழில் என்று ஆனவர்களையும் பார்க்கலாம். 2025-ல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற போலின் பெராந்-ப்ரெவோ அதற்காக நான்கு கிலோ குறைத்திருந்தார். அது முழு ஆரோக்கியமல்ல, அந்த எடையில் நீடிக்க முடியாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் நான்கு கிலோ என்றால் நிமிடக் கணக்கு. உழைப்புக்குத் தக்க உணவு இல்லாவிட்டால் ஹார்மோனும் எலும்பும் கெடும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே எச்சரித்திருக்கிறது. நமக்கு ஆல்ப்ஸும் இல்லை, வென்றவர் அணியும் மஞ்சள் ஜெர்ஸியும் இல்லை. அந்தத் தண்டனை மட்டும் எதற்கு?

சைக்கிளால் ஆகாத வேலையும் உண்டு. உடலின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் என்பதால், படியேறுவதும் பளு தூக்குவதும் தனியாக வேண்டும். திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டைப் படி இருக்கிறது.

கடைசியாக, கூச்சம். சவாரி முடிந்து எடுக்கும் குழுப் படங்களைப் பாருங்கள். ஆண்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள், தொப்பையோடு, கவலையில்லாமல். பெண்கள் சைக்கிளுக்குப் பின்னால் நிற்பார்கள். பேட் வைத்த ஷார்ட்ஸ் போட்டால் உட்காருமிடம் வலிக்காது என்று தெரியும்; ஆனாலும் அதன்மேல் தொளதொள சுடிதார். தன்னம்பிக்கை வந்தபின் ஓட்டலாம் என்று காத்திருந்தால் வராது. பாலத்து ஏற்றத்தில் இறங்காமல் ஏறிவிட்ட பெண் அன்று வயிற்றை எக்கிக்கொள்ள மறந்துவிடுகிறாள். அந்த மறதி கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கமாகிறது. கண்ணாடி முன் நின்று வரவழைக்கும் தைரியத்தைவிட இது நீடிக்கும்.

இளைக்கத்தான் வந்தேன் என்று சொல்லும் புதியவரிடம் நான் வாதாடுவதில்லை. அது நியாயமான ஆசை. சிலருக்கு நிறைவேறவும் செய்யும். ஆனால் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் சாப்பிடுங்கள், பிறகு ஓட்டுங்கள், எடையை மூன்றாவதாகப் பாருங்கள். எடை குறையாத மாதத்தில் சைக்கிளை ஓரங்கட்டாமல் இருக்க இந்த வரிசைதான் உதவும். அப்புறம், போவதற்கு ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள்: காய்கறிச் சந்தையோ, தோழி வீடோ, அணைக்கட்டோ.