பிரம்பும் பிள்ளையும்

பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியிற் சேர்க்க வரும் தந்தை ஆசிரியரை நோக்கி, "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!" என்று சொல்லுவது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த வழக்கம். அவர் கொடியவர் அல்லர். தாம் பெறாத கல்வியைத் தம் மகன் பெற்றுவிட வேண்டும் என்னும் ஆவலே அவ்வாறு பேசச் செய்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் கோதண்டம் என்று கயிற்றிலே தொங்கவிடுவதும், முதலில் வந்தவனை 'வேத்தான்' என்று பாராட்டிப் பின்வந்தோர்க்கு வந்த வரிசைப்படி அடியைக் கூட்டிக்கொண்டே போவதும் கல்வியின் அங்கங்களாகவே கருதப்பட்டன. திண்ணைகள் மறைந்தன, எண்ணம் மறையவில்லை.

சட்டம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. தமிழ்நாடு 2003-ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியை விலக்கிற்று. 2009-இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுத்தது. எனினும் வழக்கு ஓயவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில் கேரள உயர்நீதிமன்றம், ஓர் ஆசிரியரின் முன்ஜாமீன் மனுவை விசாரித்தபோது, ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கலாம், அதனால் அடிக்க வேண்டுவதில்லை, அது இருப்பதே மாணவர் மனத்தில் மாறுதலை உண்டாக்கும் என்ற கருத்தை வெளியிட்டது. பள்ளியில் நடந்தது பற்றி ஆசிரியர்மீது புகார் வந்தால், வழக்குப் பதியுமுன் பூர்வாங்க விசாரணை செய்ய வேண்டும் என்றும் கூறிற்று. ஆகவே இது இன்றும் உயிருள்ள வினாவே.

இவ்வினாவை அகளியில் வைத்துப் பார்த்தல் நலம். பவானியாறு பாயும் அட்டப்பாடி மலைப் பள்ளத்தாக்கில், கோவை எல்லையை அடுத்துக் கிடப்பது அவ்வூர். இருளர், முதுகர், குறும்பர் ஆகிய ஆதிகுடிகளும், கிழக்கிலிருந்து சென்ற தமிழரும், மேற்கிலும் தெற்கிலுமிருந்து குடியேறிய மலையாளிகளும் அங்கு வாழ்கின்றனர். வீட்டிலே இருள மொழி பேசும் ஆறு வயதுக் குழந்தை மலையாளத்திற் பாடம் சொல்லும் வகுப்பில் வந்து அமர்கிறது. ஆசிரியர் ஒன்றைக் கேட்கிறார். குழந்தை வாய் திறவாது நிற்கிறது. மீண்டும் கேட்கிறார், மீண்டும் மௌனம். இது பணியாமையா, புரியாமையா? பிரம்பு இவ்விரண்டையும் பிரித்தறியாது. அடிபட்ட குழந்தை முறையிடுவதுமில்லை; மறுநாள் பள்ளிக்கு வருவதில்லை, அவ்வளவே. பதிவேட்டில் ஒரு கட்டம் வெறுமையாகிறது. 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்று பிறர் பேசிக்கொள்வதற்கு அது போதும்.

இத்தகைய பேச்சை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் சிறுவராயிருந்தபோது, தாம் கொண்டுசென்ற கோணித்துண்டின்மேல் வகுப்பிலே தனியாக அமர்த்தப்பட்டார். அங்கே பிரம்பு ஓங்கப்படவில்லை. ஆயினும் அது தண்டனையே, அதுவும் குற்றமில்லாத தண்டனை. சட்டம் மனத்துன்பத்தையும் சேர்த்துச் சொன்னது எத்துணைப் பொருத்தம்!

ஆசிரியர் தரப்பையும் கேட்க வேண்டும். முதல் ஐந்து வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓராசிரியர் என்பது சட்டத்தின் அளவு. முப்பது பேரும் ஒரே நாளில் அமைதியாயிருப்பர் என்று சட்டம் இயற்றினோரும் எண்ணியிரார். "பிரம்பைப் பிடுங்கிக்கொண்டீர், அதற்கு ஈடாக என்ன கொடுத்தீர்?" என்று ஆசிரியர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. பழங்குடி மக்களுக்குள்ளேயே பயிற்சி பெற்ற இளைஞரைத் தொடக்கப் பள்ளிகளில் துணையாசிரியராக அமர்த்தும் 'கோத்ரபந்து' என்னும் திட்டம் 2017-இல் வயநாட்டில் தொடங்கி அட்டப்பாடிக்கும் வந்தது. குழந்தையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பிலே நிற்பது பத்துப் பிரம்புகள் செய்யாததைச் செய்யும் என்பது நம் துணிபு.

இங்கு ஒரு தடை எழும். "தம்மமே ஆசிரியரின் கோலை ஆதரிக்கவில்லையா? திலமுட்டி ஜாதகத்தை மறந்தீரோ?" என்பர் சிலர். மறக்கவில்லை. காசியரசன் மகன், பதினாறு வயதினன், தட்சசீலத்தில் பயில்கிறான். கிழவி ஒருத்தி காயவைத்த எள்ளில் ஒரு பிடி அள்ளித் தின்கிறான், மறுநாளும் அவ்வாறே, மூன்றாம் நாள் அவள் கூக்குரலிடுகிறாள். ஆசிரியர் எள்ளின் விலையைத் தர முன்வருகிறார். அவள், விலை வேண்டா, இனி இவ்வாறு செய்யாதபடி இவனைத் திருத்தினாற் போதும் என்கிறாள். அவனை இருவர் பிடித்துக்கொள்ள, ஆசிரியர் மூங்கிற் கோலால் முதுகில் மூன்றடி அடிக்கிறார். பின்னாளில் அரசனான அவன் ஆசிரியரைக் கொல்லக் கருதி அழைத்தனுப்புகிறான். அவர் வந்து, அன்று அடியாதிருந்தால் நீ பெருங்கள்வனாகி அழிந்திருப்பாய் என்று உணர்த்த, அவன் தெளிகிறான்.

கதை ஆசிரியரைப் புகழ்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அது கூறப்பட்ட இடம் எது? சினங்கொண்ட ஒரு பிக்குவைக் குறித்துச் சேதவனத்திலே கூறப்பட்டது. அடிக்கும் முறையைக் கற்பிக்க எழுந்ததன்று. அன்றியும், அழைப்பு வந்தவுடன் அவ்வாசிரியர் புறப்படவில்லை. இளமையின் வெம்மையில் அரசனைத் தெளிவிக்க இயலாதென்று கருதி, அவன் நடுவயது எய்தும்வரை காத்திருந்தார். மூன்றே அடி, அது விளைத்த வன்மம் அத்தனை ஆண்டுகள் ஆறவில்லை! கோலின் பயனைச் சொல்ல வந்த கதையே அதன் விலையையும் மறைக்காமற் சொல்லிவிட்டது. இதனை எடுத்துக்காட்டுவோர் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றனர். பதினாறு வயதினன் அறிந்தே மூன்று நாள் செய்த களவும், ஆறு வயதுக் குழந்தை எழுத்தை மாற்றி எழுதியதும் ஒன்றாகா என்பதை நாம் தனியே சொல்லவும் வேண்டுமோ?

கோலின்மை கண்டிப்பின்மை ஆகாது. பகவர் தம் மகன் இராகுலனுக்குப் பொய்யாமையைப் போதித்தபோது, கலத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, அதைக் கொட்டி, வெறுங்கலத்தைக் கவிழ்த்தும் காட்டினார். அறிந்து பொய் சொல்ல நாணாதவனின் துறவு அவ்வெறுங்கலம் போன்றது என்றார். எத்துணைக் கடுமையான சொல்! ஆயினும் சிறுவனின் உடலை அவர் தீண்டவில்லை. நான்கு மாதம் முயன்றும் ஒரு காதையை மனனஞ் செய்ய மாட்டாத சூளபந்தகனை உடன்பிறந்த தமையனே விகாரையினின்று விலக்கியபோது, பகவர் வேறொரு பாடத்தைத் தந்தார். கையிலே ஒரு வெண்துணி. மாணவன் மாறவில்லை, பாடம் மாறிற்று.

பெற்றோர் செய்யக்கூடுவது ஒன்றுண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்டிராகவும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. அகளி போன்ற இடங்களில் அக்கூட்டம் எம்மொழியில் நடைபெறுகிறது, ஊரு மூப்பனும் தாய்மாரும் பேசுகின்றனரா, கையொப்பம் மட்டும் இட்டுச் செல்கின்றனரா என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். கண்டிப்பைப் பற்றிய பேச்சு அங்கேதான் நடைபெறல் தகும். ஆசிரியர் தம் இடர்களைச் சொல்லட்டும், தாய் தன் குழந்தை ஏன் வாய் திறப்பதில்லை என்பதைத் தன் மொழியிலேயே சொல்லட்டும்.