தட்டக் கூடாத பந்து

எல்லவிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், தேயிலைக்கு நடுவே மண்ணை வெட்டிச் சமப்படுத்திய ஒரு பள்ளிக்கூட மைதானம். தெரிந்த பிள்ளை ஒன்று வலைப்பந்து ஆடுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். எந்தச் சுற்று, யார் வென்றார்கள் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. ஆட்டத்தில் பாதியை நான் பார்க்கவும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளரின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஆசிரியை. பதுளையில் படித்த காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். மாகாண மட்டம்வரை போனவர் என்று ஊரில் சொல்வார்கள். மற்றப் பயிற்சியாளர்களைப் போல அவர் கத்தவில்லை. இடது கையில் விசிலின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். வலது கை மட்டும், தொடைக்குச் சற்று விலகி, விரல்களை விரித்தபடி கீழே அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தும், மேலே வரும், மறுபடி அழுத்தும். அந்தக் கைக்கும் தரைக்கும் நடுவே பந்து இல்லை.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது கூடைப்பந்து. வலைப்பந்தில் அது குற்றம். பிடித்த இடத்தை விட்டு நடக்கக் கூடாது, தட்டிக்கொண்டு போகக் கூடாது, மூன்று வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். ஆக அந்த மைதானத்தில் ஆடிய ஒரு பிள்ளைக்கும் உதவாத, உதவினால் விசில் ஊதித் தண்டிக்கப்படும் ஒரு வேலையை அந்தக் கை விடாமல் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளராக மாறுகிறார் என்று சுலபமாகச் சொல்கிறோம். யார் மாறுவது? ஆள் மட்டுமா, கையுமா?

இரண்டும் அக்கா தங்கை ஆட்டங்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், குளிர்காலத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உண்டாக்கினார். உடற்பயிற்சிக் கூடத்து மேல்மாடத்தின் விளிம்பில் பீச் பழக்கூடைகளை ஆணி அடித்து மாட்டினார்; அந்த விளிம்பு பத்தடி உயரத்தில் இருந்தது. சில மாதங்களில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு ஏற்றபடி மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டுத் தாண்டக் கூடாது என்றார். பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று அக்காலத்தில் நம்பினார்கள். (எங்கள் தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலையேறியதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.) பெண்கள் ஆடிய ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய் வலைப்பந்தாகி, பிரிட்டிஷ்காரர் போன நாடுகளுக்கெல்லாம் போனது. விதிகள் பிரிந்தன, பலகை போயிற்று, தட்டுவது போயிற்று. வளையம் மட்டும் இரண்டிலும் அதே பத்தடியில், 3.05 மீட்டரில், நிற்கிறது.

அந்தக் கைக்கு வளையம் பழையதுதான். தரை அந்நியமாகிவிட்டது.

தரை என்றதும் எனக்குத் தெமோதரைப் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டம் ஞாபகம் வருகிறது. அங்கே சமதரை என்று இருந்தது, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம் ஒன்றுதான். அதுவும் கணக்கப்பிள்ளை போன பிறகுதான் எங்களுக்கு. பந்து கைதவறினால் லயத்துக் கானில் விழும், கானோடு உருளும், தேயிலைக்குள் புகுந்து கீழ் டிவிஷனுக்கே போய்விடும். தேடப் போனவன் அட்டை கடித்த காலோடு திரும்புவான். அதனால் பந்தைத் தரையில் விடுவதே எங்களுக்கு ஊதாரித்தனம். மலையகத்தில் கரப்பந்து இவ்வளவு ஊன்றியதற்கு நான் வைத்திருக்கும் காரணம் இதுதான்: அந்த ஆட்டத்தில் பந்து ஆகாயத்தில் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. பதுளைக்குப் படிக்கப் போன பிறகுதான் சிமெண்டுத் தரையில் பந்தை விட்டால் கைக்கே திரும்பி வரும் என்பதைக் கண்டேன். தோட்டத்திலிருந்து போன ஒரு பெண்பிள்ளைக்கு அந்தத் தரை என்னவாக இருந்திருக்கும் என்று என்னால் ஓரளவு யோசிக்க முடிகிறது.

அப்பாயியும் இந்த நினைப்பில் வந்து சேர்ந்துகொள்கிறாள். பேர் பதிந்து முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவள். புதிதாக மலைக்கு வரும் குமரிகளை அவள் நெரைக்குப் பக்கத்தில்தான் விடுவார் கங்காணி. அவள் ஏதாவது சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. தன் பாட்டில் எடுத்துக்கொண்டு போவாள். நடுவில் ஒருதரம் திரும்பி, அந்தப் பிள்ளையின் கூடையில் கைவிட்டு, முற்றிய இலையை மட்டும் பொறுக்கி வீசுவாள். எப்படி எடுப்பது என்று கேட்டால், “பாத்துக்க புள்ள” என்பாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையா, சொல்லக்கூடிய விஷயமே இல்லையா என்று இன்று கேட்க ஆளில்லை. அவள் பக்கத்து நெரையில் நின்ற பிள்ளைகள் தொழில் கற்றுக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும். கங்காணியின் சத்தத்தில் கற்றிருக்கவும் கூடும்.

முன்னட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை இளவயதில் வாசித்திருக்கிறேன். பாதி புரிந்தது, அதிலும் பாதிதான் மனதில் நின்றது. நெய்ஸ்மித்தின் மாணவர் ஃபாக் ஆலன், தனக்கு ஒரு கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லப் போகிறார். நெய்ஸ்மித் சிரிக்கிறார். இது பயிற்றுவிக்கிற ஆட்டமில்லை, ஆடுகிற ஆட்டம் என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். ஆட்டத்தை உண்டாக்கியவரே இப்படிச் சொன்னாரா என்று அப்போது திகைத்தேன். இத்தனைக்கும் அவரே 1898 முதல் 1907 வரை கன்சாஸ் பல்கலைக்கழக அணியைப் பார்த்துக்கொண்டவர். 55 ஆட்டம் வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் தோல்விக் கணக்கு மேலோங்கி நிற்பது அவருக்கு மட்டும்தான். ஆலன் போய் 39 பருவங்கள் அதே கன்சாஸில் பயிற்சி கொடுத்துப் பெயர் வாங்கினார்.

நெய்ஸ்மித் சொன்னது பொய்த்தது என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் அதே கன்சாஸில் 1930களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் படித்தார். நிறத்தின் பெயரால் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. நெய்ஸ்மித் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார், ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத மெக்லெண்டன், பிறகு கறுப்பின மாணவர்களின் கல்லூரிகளில் பயிற்சியாளரானார். டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரி அணியை 1957, 58, 59 என்று அடுத்தடுத்து மூன்று தேசியப் பட்டங்களுக்குக் கொண்டுபோனார். பயிற்றுவிக்க முடியாது என்று சிரித்தவர் இவருக்கு என்ன கொடுத்திருப்பார்? “பாத்துக்க புள்ள” என்பதைத் தாண்டி ஏதாவது சொல்லியிருப்பாரா?

நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்க்கலாம். சென்னையின் அனிதா பால்துரை. 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடியவர், 19 வயதில் அணித் தலைவி, ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்கள், 2021இல் பத்மஸ்ரீ. பிள்ளை பெற்ற பிறகு மறுபடி களத்துக்கு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவில், கஜகஸ்தானை 75க்கு 73 என்று வீழ்த்திய இந்திய அணியில் இருந்தார். அதே வருடம் அக்டோபர், அதே பெங்களூர், 16 வயதுக்குட்பட்ட பெண்களின் ஆசியப் போட்டி. இரண்டாம் பிரிவை வென்ற இந்தியப் பிள்ளைகளுக்கு அவர்தான் பயிற்சியாளர். இடையில் மூன்று மாதம். ஜூலையில் பந்தைத் தட்டிய கை அக்டோபரில் கோட்டுக்கு வெளியே என்ன செய்துகொண்டிருந்தது? பத்திரிகைகளில் தேடினால் பட்டமும் புள்ளியும் கிடைக்கின்றன; கையைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அவருக்குத் தென்னக ரயில்வேயில் வேலை இருந்தது. விளையாட்டுக்காரருக்கு வேலை கொடுக்கும் வழக்கம் அங்கே ரயில்வேக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் ரயில் தெமோதரையில் வளைந்து, ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டிப் போகிறது. வெளிநாட்டுக்காரர் இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள். விளையாட்டுக்காக எங்கள் ரயில்வே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கும் சம்பளம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மைதானத்தில் பார்த்த அந்த ஆசிரியையிடம் ஒருநாள், “ஆடுறத விட்டது வருத்தமா இல்லையா டீச்சர்?” என்று கேட்டேன். “நான் எங்கண்ணே விட்டேன்? பாடசாலை முடிஞ்சிச்சு, ஆட எடம் முடிஞ்சிச்சு” என்றார். அதைச் சொல்லும்போதுகூட முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

அவரிடம் வலைப்பந்து பழகும் பிள்ளைகளின் கைப்பேசிகளில் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பெண், 208 சென்டிமீட்டர் உயரம், 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றவர். “அவங்க மாதிரி ஆடணும் டீச்சர்” என்று ஒரு சின்னது கேட்டதாம். “உயரத்தையெல்லாம் நான் சொல்லிக்குடுக்க ஏலாது, போய் ஓடு” என்றாராம் இவர். சொல்லிக்கொடுக்கக் கூடியதற்கு எல்லை போடத் தெரிந்தவர் என்று அப்போது அவர்மேல் மதிப்புக் கூடியது.

இனி, என் குழப்பத்தைக் கூட்டிய விஷயம். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்த பிள்ளையிடம் டீச்சரின் கையைப் பற்றிக் கேட்டேன். அது சிரித்தது. “அதப் பாத்துத்தான் மாமா நாங்க பந்த விடுவோம். பந்தப் புடிச்ச பொறகு கை மூணு தடவ கீழ போறதுக்குள்ள விட்டுறணும்.”

“டீச்சர் சொல்லிக்குடுத்தாங்களா?”

“இல்ல, நாங்களா புடிச்சிக்கிட்டது. அவங்களுக்குத் தெரியாது. சொல்லிறாதீங்க, நிறுத்திருவாங்க.”

அவர் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததில் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியாது. அவர் அறியாமல் செய்வதை முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு ஆட்டத்தின் மிச்சம், இந்த ஆட்டத்தில் கூடாத ஒன்று, இவர்களுக்கு மணிக்கூடாகிவிட்டது. நெய்ஸ்மித் சொன்னதுதான் சரி, எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது என்று ஒருநாள் நினைக்கிறேன். மறுநாள், ஒரு மனிதர் பத்துப் பதினைந்து வருடம் உடம்பால் செய்தது பக்கத்தில் நிற்பவருக்குப் போய்ச் சேராமல் இருக்காது என்று தோன்றுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. அந்தக் கை பிள்ளைகளுக்காக அசையவில்லை. தனக்காக அசைகிறது. தனக்காகச் செய்வது பிறருக்கு உதவினால் அதைக் கற்பித்தல் என்று சொல்லலாமா?

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு நடைமுறைச் சிக்கலும் வந்திருக்கிறது. பழைய மாணவர்கள் சிலர் பணம் சேர்த்து, அந்த மைதானத்தின் ஓரத்தில் சிமெண்டுத் தரை போட்டு, ஒரு கூடைப்பந்துப் பலகை நிறுத்தலாம் என்கிறார்கள். டீச்சரிடம் இருக்கும் வித்தை வீணாகக் கூடாது என்பது அவர்கள் நியாயம். அதுவும் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் வலைப்பந்தில் இப்போதுதான் காலூன்றுகிறார்கள். இருக்கிற ஒரு மைதானத்தில் இரண்டு ஆட்டம் என்றால் நேரமும் ஆளும் பிரியும். பலகை யாருக்காக, பிள்ளைகளுக்கா, டீச்சருக்கா என்று நான் கேட்டபோது கூட்டத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. டீச்சருக்காகத்தான் என்றாலும் அதில் என்ன தவறு என்று திரும்பி வரும் வழியில் எனக்கே தோன்றியது. அடுத்த கூட்டத்தில் கையுயர்த்தச் சொல்வார்கள். எந்தப் பக்கம் உயர்த்துவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. விளையாடி, விட்டு, பிறகு பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றவர்கள் இதை வாசித்தால், நீங்களாயிருந்தால் என்ன கேட்பீர்கள் என்று எழுதுங்கள்.