உடலுக்கு ஆடையா, ஆடைக்கு உடலா?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையில் காவல் புரிந்த யவனர் அணிந்திருந்த சட்டையை ‘மெய்ப்பை’ என்று குறிக்கின்றது. மெய்க்கு அமைந்த பை என்பது அதன் பொருள். தன்னுள் வைக்கப்படும் பொருளைக் காப்பதும் அதன் வடிவிற்கு இடங்கொடுப்பதும் பையின் இயல்பாகும். பொருளை நெருக்கித் தன் வடிவிற்குக் கொண்டுவருவதற்கு அச்சு என்று பெயர். ஓர் ஆடை பையாக இருக்க வேண்டுமா, அச்சாக இருக்க வேண்டுமா? தையற்காரரின் கேள்வி போலத் தோன்றினும் இஃது அறத்தைப் பற்றிய கேள்வியேயாகும்.

இதனை ஆராய்வதற்கு, ஐரோப்பியப் பெண்கள் அணிந்த கார்செட் எனும் இறுக்கக் கச்சின் வரலாறு பெரிதும் துணைபுரியும். மார்பிலிருந்து இடுப்புவரை உடலை இறுக்கிப் பிடிக்கும் அவ்வாடையுள், திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகடுகளையும் எஃகுப் பட்டைகளையும் செருகித் தைத்தனர். முதுகுப்புறம் கயிறிட்டு இழுத்துக் கட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை வடிவமைத்தோர்முன் இரு தேவைகள் நின்றன. அஃது உடலோடு நன்கு பொருந்த வேண்டும்; தொழிற்கூடத்தில் எளிதாகச் செய்யப்படவும் வேண்டும்.

முதற்றேவையை முன்னிறுத்தியவருள் ஒருவர் இங்கிலாந்தின் ராக்ஸி ஆன் கேப்ளின் அம்மையார். பெண்ணின் வயதிற்கும் உடல்நிலைக்கும் ஏற்பக் கச்சும் மாற வேண்டும் என்று கருதிப் பலவகைக் கச்சுகளை அமைத்த அவர், 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் பதக்கம் பெற்றார். இரண்டாந்தேவைக்கு விடைகண்டவர் எட்வின் ஐசாட். பசையிட்ட கச்சினை, நீராவியால் சூடேறிய உலோக உடல்வடிவின்மீது பொருத்தி உலர்த்தும் முறையை அவர் 1860களின் இறுதியில் கொண்டுவந்தார். ஒரே வடிவில் எண்ணற்ற கச்சுகளை உருவாக்க அம்முறை வழிவகுத்தது.

இவருள் முன்னவர் நல்லவர், பின்னவர் தீயவர் என்று முடிவுகட்டிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைக்கப்படும் ஆடை, பொருளுடையார்க்கே கிட்டும். எளிதாகச் செய்யப்படும் பொருளே ஏழையின் கைக்கும் எட்டும். ஆகவே, செய்முறையை எளிதாக்குதலும் ஒருவகை அறமே. குறை அவ்வெளிமையில் இல்லை. அச்சோடு பொருந்தாத உடலைக் கண்டு, ‘அச்சு தவறு’ என்று சொல்லாமல், ‘உடல் தவறு’ என்று சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் குறை பிறக்கின்றது. செருப்பிற்காகக் காலை வெட்டுவது அறிவீனம் என்று நாம் அனைவரும் அறிவோம். எனினும் செருப்பு விலையுயர்ந்ததாகவும், ஊரார் யாவரும் அதனையே அணிவதாகவும் இருந்துவிட்டால், காலைக் குறைசொல்லும் மனநிலை நமக்கு வந்துவிடுகின்றது.

‘அணிபவளே விரும்பி இறுக்கிக்கொண்டால், செய்தவர்மீது பழி ஏது?’ என்று ஒருவர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பாரிசில் மருத்துவம் பயின்ற கச்சு வடிவமைப்பாளர் இனெஸ் காஷ்-சரோத் அம்மையார், வயிற்றை நெருக்காத, முன்புறம் நேராக அமைந்த புதுவகைக் கச்சினை 1900ஆம் ஆண்டையொட்டி அறிமுகம் செய்தார். நோக்கம் நன்று. ஆயினும் இடை சிறுத்திருத்தலே அழகு என்னும் எண்ணம் மாறாததால், பெண்கள் அதனையும் இறுக்கிக் கட்டினர். மார்பு முன்தள்ளி, இடுப்பு பின்தள்ளி, முதுகு வளைந்த தோற்றமே நாகரிகமாயிற்று. கச்சினைத் திருத்திய கையால் ஊரின் கண்ணைத் திருத்த இயலவில்லை. அப்பெண்ணின் விருப்பம் அவளுடையதுதானா, அன்றி ஊரின் கண் அவளுள் புகுந்து விருப்பமாய் வடிவெடுத்ததா என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

ஊரின் கண் ஆடையை இறுக்குவதோடு நில்லாது, ஆடையை மறுப்பதும் உண்டு. அதே நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் தோளை மூடி மேலாடை அணிதல் குற்றமாகக் கருதப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பு அவர்கள் உடலை மறைத்துக்கொள்ள இசைந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணிதல் கூடாதென்று தடை விதித்தது. அங்கே நெருக்கியது எஃகு. இங்கே தடுத்தது சாதி. இரண்டிடத்தும் அளவுகோல் அணிபவள் கையில் இல்லை.

அவ்வளவுகோல் அவள் கைக்கு வருவதெங்ஙனம்? இதற்கு விடைகாண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிரம்பானை அடுத்த ரஹாங்கிலும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும் நம் பெண்கள் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தனக்கு நன்கு பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றனை அளவுக்கென்று கொடுத்தனுப்புவாள். அணிந்து, நடந்து, வேலைசெய்து, உடல் ‘இதுவே எனக்கு ஏற்றது’ என்று ஒப்புக்கொண்ட ஆடை அது. விடியலில் பால்மரம் வெட்டச் செல்பவளுக்கு, கை உயரும்போதும் முதுகு குனியும்போதும் பிடிக்காத சட்டையே பொருத்தமான சட்டை. நிற்கும் உடலை மட்டும் அளக்கும் நாடா அதனை அறியாது.

இன்னும் ஒன்று. தேர்ந்த தையற்காரர், பக்கத் தையலின் உள்மடிப்பில் சிறிது துணியை மிச்சம் விட்டே தைப்பார். உடல் பருத்தால் அத்தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அவர் எல்லார்க்கும் ஏறத்தாழ ஒரே வெட்டுமுறையையே கையாள்கிறார்; எனவே வேலை எளிதாகின்றது. தாம் அறிய இயலாத நாளைய உடலுக்கு இடம் விடுகின்றார். எனவே பொருத்தமும் கெடுவதில்லை. எளிமையும் பொருத்தமும் பகைகள் அல்ல என்பதற்கு இச்சிறு மடிப்பே சான்று. செய்பவர் தம் வசதிக்கு வேண்டிய அளவு பொதுமையைக் கொள்ளட்டும். இறுதியாகத் தளர்த்தவும் இறுக்கவும் உரிய உரிமையை அணிபவரிடம் விட்டுவிடட்டும்.

பலர்க்கெனப் பொதுவாகச் செய்யப்படும் எதற்கும் இந்நெறி பொருந்தும். பாடத்திட்டம், தேர்வு, பள்ளி ஒழுங்கு ஆகியவையும் பல உடல்களுக்கு வெட்டப்பட்ட ஒரே ஆடையே. அவற்றை ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே தைத்துக் கொடுத்தல் எந்நாட்டிற்கும் இயலாது. ஆயின், ஒரு மாணவன் அவற்றுள் அடங்காது திணறும்போது, அவனைக் குறையுடையவன் என்று எழுதிவைக்குமுன், உள்மடிப்பில் துணி விடப்பட்டுள்ளதா என்று பார்த்தல் ஆசிரியர் கடன். விடப்பட்டிருப்பின் தையலைப் பிரித்துக்கொடுப்போம். விடப்படவில்லையெனின், குறை வெட்டியவரிடம் உள்ளது என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.